மாந்தலுக்கு எந்தப் பக்கம் கண்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. ஒரு கிலோ மாந்தல் மீன் வாங்கி வர வேண்டும்.

மாந்தலைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாக்கு மாதிரி நீளமாக, தட்டையாக இருக்கும். சில ஊர்களில் நாக்கு மீன் என்றே சொல்வார்கள். கரைக்குப் பக்கத்துக் கடலில், தரையோடு தரையாக, மணலுக்குள் படுத்தே காலத்தை ஓட்டும். இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கும். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒன்றாகத்தான் இருக்கும். வளர வளர ஒரு கண் மெல்ல நகர்ந்து, மற்றதுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இவ்வளவு தெரிந்தவனுக்கு ஒரு கிலோ மீன் வாங்குவதில் என்ன சிரமம் என்று கேட்பீர்கள்.

மாந்தலைப் பற்றி எனக்குத் தெரியும். மாந்தலைத்தான் பார்த்ததில்லை.

நான் தர்மபுரிக்காரன். இருபத்தெட்டு வயதில் பெண் பார்க்க நாகப்பட்டினம் போனபோதுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன். அன்றைக்குத் தன்னை விடக் கடலைத்தான் அதிக நேரம் பார்த்தேன் என்று என் மனைவி சுமதி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

மீன் ஞானம் வந்தது வேலையில். லிஃப்டுக்குள் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்குமே, நடுவில் நின்றுவிட்டால் அமுக்க? அமுக்கினால் ஒரு குரல், "பயப்படாதீங்க, ஆள் வந்துகிட்டே இருக்காங்க" என்று இந்தியில் சொல்லும். ராத்திரி பத்திலிருந்து காலை ஏழு வரை, நொய்டாவில் இருபத்து மூன்று கட்டடங்களுக்கு அந்தக் குரல் நான்தான். ராத்திரியில் லிஃப்டில் ஏறுகிறவர்கள் குறைவு. மாட்டிக்கொள்கிறவர்கள் இன்னும் குறைவு. மிச்ச நேரத்தில் சும்மா இருந்தால் தேவையில்லாத யோசனைகள் வரும். அதனால் படிப்பேன். ஒரு வருஷம் நட்சத்திரங்கள். ஒரு வருஷம் கல்வெட்டு எழுத்து. இப்போது மீன். யாரும் சொல்லிக்கொடுத்துப் படித்ததில்லை. அதனால் யாரும் பரீட்சை வைத்துப் பார்த்ததும் இல்லை.

அந்தப் பரீட்சை மாமனார் ரூபத்தில் வந்தது.

மாமனார் நாகப்பட்டினத்தில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டில் ரெண்டு வாரம் இருக்கலாம் என்று ஜனவரிக் குளிரில் டெல்லிக்கு வந்தார். சுமதி மத்திய அரசு ஊழியர். கோல் மார்க்கெட் பக்கம் அவளுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். காலை எட்டரைக்கு அவள் ஆபீஸ் போவாள். அதே எட்டரைக்கு நான் வீட்டுக்குள் நுழைவேன்.

"வாக்கிங்கா மாப்ள?" என்பார் மாமனார்.

"டூட்டி முடிஞ்சு வர்றேன் மாமா."

"சரி சரி" என்பார். குரலில் அவ்வளவு இரக்கம் இருக்கும்.

பிறகு நான் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையை இழுத்து மூக்கு வரை போர்த்திக்கொண்டு, கண் மட்டும் வெளியே தெரிய, ஹாலில் இருக்கிற திவானில் விழுந்துவிடுவேன். எழுந்திருக்க நாலு மணி ஆகும். நான் ராத்திரி வேலைக்குக் கிளம்பும்போது அவர் தூங்கியிருப்பார். அவருக்கு எட்டு மணிக்கே தூக்கம். ஆக, பன்னிரண்டு நாளும் அவர் பெரும்பாலும் பார்த்த மருமகன் ரஜாய்க்குள் படுத்திருந்த மருமகன்தான்.

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம், சுமதி என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"என்னங்க, அப்பா ஊர்ல உங்களுக்கு வேலை பாக்குறாரு."

"எனக்கா? எனக்குத்தான் வேலை இருக்கே."

"நானும் சொன்னேன். புருஷன் மானத்தக் காப்பாத்தறதுக்காகச் சொல்றேன்னு நினைக்கிறாரு. நம்ப மாட்டேங்குறாரு."

"என்ன வேலைன்னு சொன்னியா?"

"சொன்னேன். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க கூப்பிட்டா பேசணும்னு. 'ராத்திரில யாரும்மா லிஃப்ட்ல போறா? அதுக்குப் போயி சம்பளம் தர்றானா?'ன்னாரு. தெரிஞ்சவர் பெட்ரோல் பங்க் ஒண்ணு இருக்காம். போன்ல பேசிட்டாரு. 'மருமவன் நல்ல மாதிரி, மனசு ஒடிஞ்சு கெடக்காரு, ஏதாவது பாத்து பண்ணு'ன்னு."

மனசு ஒடிஞ்சு கெடக்காரு. நாற்பத்தேழு வயதில் ஒருவனைப் பற்றி நாகப்பட்டினம் முழுக்க இந்தச் செய்தி போய்க்கொண்டிருக்கிறது. மறுநாள் சாயங்காலம் அவருக்கு ரயில். அதற்குள் இதை மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆயுசு முழுக்க, போகிற கல்யாணத்தில் எல்லாம், தோளில் கை வைத்து "எல்லாம் சரியாயிடும்" என்று யாராவது சொல்வார்கள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவரே வழி காட்டினார். "டெல்லியில எல்லாம் கெடைக்குது. மாந்தல் மட்டும் கெடைக்காது போலருக்கு."

"ஏன் கிடைக்காது? நாளைக்கு நான் வாங்கிட்டு வர்றேன் மாமா."

"ஒங்களுக்கு மாந்தல் தெரியுமா மாப்ள?"

"ரெண்டு கண்ணும் இடப்பக்கம் இருக்கும்" என்றேன்.

மாமனார் கையில் சோற்றோடு நிறுத்திவிட்டார். அறுபது வருஷம் மாந்தல் சாப்பிட்டவர். அது எந்தப் பக்கம் என்று அவர் யோசித்ததே இல்லை. பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக என்னை மரியாதையோடு பார்த்தார்.

நான் டூட்டிக்குக் கிளம்பும்போது சுமதி மட்டும் வாசல் வரைக்கும் வந்து மெதுவாகச் சொன்னாள். "தெரியலன்னா வஞ்சிரம் வாங்கிட்டு வந்துடுங்க. பெருமைக்கு எதையாவது தூக்கிட்டு வராதீங்க."

"சுமதி. நான் ஆறு மாசமா மீன் படிக்கிறேன்."

"அதான் சொல்றேன்" என்றாள்.

ஞாயிறு காலை ஷிஃப்ட் முடித்து நேரே ஐ.என்.ஏ. மார்க்கெட். ராத்திரி நாலு பேர் மாட்டிக்கொண்டதில் கண்ணே அசரவில்லை. ஒரு டீ, இன்னொரு டீ. பிறகு மீன் கடை.

கடைக்காரர் வங்காளி. ரப்பர் பூட்ஸ், குரங்குக் குல்லா. எனக்கு மாந்தலுக்கு இந்தி தெரியாது. மீனின் குணத்தைச் சொன்னால் போதுமே என்று நினைத்தேன்.

"பையா, தட்டையா இருக்கும். மணல்ல படுத்திருக்கும். ரெண்டு கண்ணும் ஒரே பக்கம்."

அவர் உள்ளேயிருந்து ஒரு வெள்ளைத் துண்டு எடுத்து வைத்தார். தலை இல்லை, தோல் இல்லை, முள் இல்லை.

"இதுக்குக் கண் எங்கே?"

"சாப், ஹோட்டல்காரங்க எல்லாம் இதத்தான் வாங்குறாங்க. கண்ண யாரும் கேட்டதில்ல."

"எனக்குக் கண்தான் முக்கியம்."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஐஸ் பெட்டிக்குள் தோள் வரை கையை விட்டு ஒரு கூறு மீனை அள்ளிப் போட்டார். நீளமாக, பழுப்பாக, செருப்பின் அடிப்பாகம் மாதிரி. தலை இருந்தது. கண் இருந்தது. இரண்டும் ஒரே பக்கம்.

எனக்குள் ஒரு பரவசம். ஆறு மாதமாகப் படத்தில் பார்த்தவரை நேரில் பார்க்கிறேன். அதோடு விட்டிருக்கலாம்.

"ஒரு நிமிஷம். கண் இடப்பக்கம்தானான்னு பாக்கணும்."

கடைக்காரர் ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கினார். "இதோ, இடப்பக்கம்."

"தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க. அப்ப அது வலப்பக்கம் ஆச்சே?"

அவர் தலையைப் பிடித்துத் தூக்கினார். "இப்ப?"

"இப்ப உங்களுக்கு வலது. எனக்கு இடது."

"மீனுக்கு?"

இந்தக் கேள்வி என்னைக் கவிழ்த்துவிட்டது. நான் படித்த இடத்தில் இடப்பக்கம் என்றுதான் இருந்தது. யாருடைய இடம் என்று நான் பார்க்கவில்லை. வயிறு எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம் என்று தெரிந்தால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அந்த மீனுக்கு வயிறும் முதுகும் ஒரே மாதிரி இருந்தன.

மீனின் நிலையிலிருந்து பார்த்தால்தான் தெரியும் என்று தோன்றியது. மேடையின் ஓரத்தில், ஐஸ் இல்லாத இடமாகப் பார்த்துக் கன்னத்தை வைத்துப் படுத்தேன். பக்கத்தில் மீன். வலது கன்னம் தரையில் என்றால் இடது கண் மேலே. கீழே இருக்கிற என் வலது கண் நகர்ந்து மேலே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது என் வாய்...

"ஏட்டா, வாங்கறீங்களா இல்லயா?"

எனக்குப் பின்னால் பையோடு ஒரு மலையாளப் பெண்மணி. நான் எழுந்திருக்காமலே, "ஒரு நிமிஷம் மேடம், இது மாந்தலான்னு பாத்துட்டிருக்கேன்" என்றேன்.

அவர் என் முகத்துக்கு மேலாகக் குனிந்து பார்த்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை. "மாந்தள்தான். நல்ல மாந்தள்" என்றார். கடைக்காரரிடம் திரும்பி, "சப் தே தோ" என்றார்.

முழுக் கூறும் அவர் பைக்குள் போனது. நான் நிமிர்ந்து கன்னத்தில் இருந்த செதிலைத் துடைப்பதற்குள் அவர் கொத்தமல்லிக் கடைக்குப் போய்விட்டார்.

"பையா, வேற இருக்கா?"

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "இது ஒண்ணுதான் இருக்கு" என்று அடிப்பெட்டியிலிருந்து ஒன்றை இரண்டு கையாலும் தூக்கினார். தட்டைதான். ஆனால் ரெண்டு கிலோ இருக்கும். முறம் மாதிரி அகலம். வாயைத் திறந்தால் உள்ளே ஊசி ஊசியாகப் பல்.

"இதுக்கும் ரெண்டு கண்ணும் ஒரே பக்கம், சாப். பெரிய கண்ணா வேற இருக்கு."

எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. அவரும் மேடையைத் துடைக்க ஆரம்பித்திருந்தார். வளர்ந்த மாந்தலாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். வெட்ட வேண்டாம், தலையோடு வேண்டும் என்றேன். மாமனாரிடம் கண்ணைக் காட்ட வேண்டுமே.

ஆட்டோவில் ஏறினேன். "கோல் மார்க்கெட்" என்றது ஞாபகம் இருக்கிறது. மீன் பை மடியில். வெயில் முகத்தில் பட்டது. அதற்குப் பிறகு எதுவும் ஞாபகம் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் தூங்கும்போது கண் முழுசாக மூடாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அசந்து தூங்கினால் முக்கால்வாசி திறந்தே இருக்கும். கல்யாணமான புதிதில் சுமதி ரெண்டு தடவை அலறியிருக்கிறாள். இப்போதெல்லாம் கண் முன்னால் விரலை ஆட்டிப் பார்த்துவிட்டு லைட்டை அணைத்துவிடுவாள். வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போனதால் புதிதாக வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுவதில்லை.

ஆட்டோக்காரரிடமும் சொல்லவில்லை.

கண் விழித்தபோது நான் மல்லாந்து படுத்திருந்தேன். மேலே குழல் விளக்குகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்து, "கப்ராயியே மத்" என்றேன். பயப்படாதீர்கள் என்று தினம் சொல்கிற வசனம்.

"அரே, பேசுறாரு!" என்று ஒரு குரல் கத்தியது.

ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவு. என்னை ஸ்ட்ரெச்சரில் வைத்து ரெண்டு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். என் நெஞ்சின் மேல் மீன் பை. பைக்கு வெளியே அந்தத் தலை. அதன் இரண்டு கண்ணும் என்னைப் பார்த்தன. என் இரண்டு கண்ணும் அதைப் பார்த்தன.

கூடவே ஓடிவந்தது ஆட்டோக்காரர். பீகார் ஆள், முகமெல்லாம் வேர்வை. "சாப், கண்ணாடியில பாத்தேன். கண்ணு தொறந்திருக்கு. கூப்பிட்டேன், பதில் இல்ல. உலுக்கினேன், பதில் இல்ல. ஒரு மாதிரி வாடை வேற வந்துச்சு."

"அது மீன்."

"அது இப்பத்தான் தெரிஞ்சுது, சாப்."

இளம் டாக்டர் ஒருவர் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "எவ்வளவு நாளா இப்படி?"

"பிறந்ததிலேர்ந்து."

"என்ன வேலை?"

"நைட் டூட்டி."

டார்ச்சை எனக்கு அணைத்துவிட்டு மீனுக்கு ஒருமுறை அடித்துப் பார்த்தார். "ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னார்.

திரும்பி ஏறும்போதுதான் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சாப், நடுவுல உங்க போன் அடிச்சுது. நான் எடுத்தேன். உங்க வீட்டம்மா. 'மேடம், உங்க ஆளு கண்ணத் தொறந்துகிட்டு விழுந்து கெடக்காரு, பேச மாட்டேங்குறாரு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்'னு சொல்லிட்டேன்."

"அழுதாங்களா?"

"இல்ல சாப். 'தூங்குறாரு, மூஞ்சில தண்ணி அடிங்க'ன்னு சொல்லி வச்சிட்டாங்க. நான்தான் நம்பல. எந்தப் பொண்டாட்டி இப்படிப் பேசுவா?"

வீட்டு வாசலில் மாமனார் நின்றிருந்தார். மஃப்ளர், ஸ்வெட்டர், அதற்கு மேல் சுமதியின் சால்வை. மணி பன்னிரண்டரை. என் பேண்ட் முழுக்க ஐஸ் தண்ணீர். மாந்தல் வாங்கப் போனவன் மாந்தல் இல்லாமல், ஆஸ்பத்திரி வழியாக வந்து இறங்குகிறேன். பெட்ரோல் பங்க் வேலை உறுதி என்று நினைத்துக்கொண்டேன்.

"மாப்ள" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "சுமதி ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுனுச்சு. எனக்கு இந்தி புரியல, அப்புறம் அதுதான் சொல்லுச்சு. நீங்க கண்ணத் தொறந்துகிட்டே தூங்குவீங்களாமே?"

"ஆமா மாமா."

"அப்ப இந்தப் பன்னெண்டு நாளும் அந்த ரஜாய்க்குள்ள..."

"தூங்கிட்டுத்தான் இருந்தேன்."

மாமனார் படியில் உட்கார்ந்துவிட்டார். "முப்பத்து மூணு வருஷம் பஸ்ல போயிருக்கேன் மாப்ள. டிக்கெட் எடுக்காம தூங்குற மாதிரி நடிக்கிறவன எல்லாம் ஒரே பார்வையில புடிச்சிருவேன். அவன் கண்ண இறுக்கி மூடுவான். கண்ணத் தொறந்துகிட்டு, கூப்பிட்டாலும் பதில் சொல்லாதவன் மனசு விட்டுப்போனவன். அவங்கிட்ட டிக்கெட் கூடக் கேக்க மாட்டேன். அப்படித்தான் ஒங்களையும் நெனச்சேன். முழிச்சுக்கிட்டு, மோட்டுவளையப் பாத்துக்கிட்டு, பேசாமக் கெடக்கீங்கன்னு."

"வேலை இல்லாம."

"ஆமா. ஆறுதல் சொன்னேனே தெனமும். நாற்காலியப் பக்கத்துல போட்டுக்கிட்டு. நான் ஒரு தடவ சஸ்பெண்டு ஆகி, வீட்ல சொல்லாம, மூணு மாசம் யூனிபாரத்தப் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுலயே போயி ஒக்காந்திருந்தது, அது இதுன்னு யாருகிட்டயும் சொல்லாததெல்லாம் ஒங்ககிட்ட..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார். இப்போதுதான் நான் விழித்திருக்கிறேன் என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

உள்ளேயிருந்து சுமதி, "எத்தனை மாசம் அப்பா?" என்றாள்.

"மீன எடுங்க மாப்ள" என்றார் அவசரமாக.

எடுத்தேன். பையைப் பிரித்ததும் மாமனார் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். திருப்பிப் போட்டு வெளுத்த பக்கத்தைத் தடவினார்.

"மாந்தல்தானே மாமா?" என்றேன், அடங்கிய குரலில்.

"எருமை நாக்கு. மாந்தலோட பெரியப்பான்னு வச்சிக்குங்க. எத்தன வருசமாச்சு இதக் கண்ணால பாத்து. மாந்தல் எவனும் வாங்கிருவான் மாப்ள."

அந்த மலையாளப் பெண்மணியை மனசுக்குள் கும்பிட்டேன்.

சுமதி குழம்பு வைத்தாள். தலையை மாமனார் எனக்குப் போட்டார். சாப்பிடச் சாப்பிட எனக்குக் கண் சொக்கியது. அதாவது, திறந்துகொண்டது. "தூங்கிட்டாரா?" என்று மாமனார் கேட்பதும், "இல்லப்பா, இப்ப முழிச்சிருக்காரு" என்று சுமதி என் கண் முன்னால் விரலை ஆட்டிவிட்டுச் சொல்வதும் கேட்டது.

"மாப்ள, இந்த மீனு என்ன பண்ணும்? படிச்சிருக்கீங்களே" என்றார்.

"பகல் பூரா மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்கும் மாமா. கண் மட்டும் வெளியில. ராத்திரிதான் இரை தேடப் போகும்."

மாமனார் என்னைப் பார்த்தார். திவானில் மடித்து வைத்திருந்த ரஜாயைப் பார்த்தார். தட்டில் இருந்த தலையைப் பார்த்தார். இன்னும் ஒரு கரண்டி குழம்பு எனக்கு ஊற்றச் சொன்னார்.

சாயங்காலம் ஸ்டேஷனில், ரயில் கிளம்புவதற்கு முன், போனை எடுத்து யாருக்கோ என் காதுபடவே பேசினார். "யோவ், நான் தப்பா சொல்லிட்டேன்யா. மருமவனுக்கு நல்ல வேலை இருக்கு. ராத்திரி பூரா முழிச்சிருந்து மனுசங்களக் காப்பாத்துறாரு. பகல்ல தூங்குறாரு. மனசெல்லாம் ஒடியல." ஜன்னல் வழியாக என் தோளைத் தட்டினார். ரயில் நகர்ந்தது. அன்றைக்கு டூட்டிக்கு நான் கிட்டத்தட்டப் பாடிக்கொண்டே போனேன்.

அன்று ராத்திரி, லிஃப்டில் யாரும் மாட்டாத நேரத்தில், எருமை நாக்கைப் பற்றித் தேடிப் படித்தேன். மற்ற தட்டை மீன்களுக்குத்தான் இடம், வலம் என்று சட்டமாம். இதற்குக் கண் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இருக்கலாமாம். மீன் மேடையில் நான் கன்னம் வைத்துப் படுத்ததற்கும் அறிவியலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நேற்று மத்தியானம் நல்ல தூக்கத்தில் போன் அடித்தது. நாகப்பட்டினம் பெட்ரோல் பங்க்.

மாமனார் எல்லாம் சொன்னாராம், அவர்களுக்கும் ராத்திரி முழுக்க முழித்திருக்கிற ஆள்தான் வேண்டுமாம், எப்போது வந்து சேர்கிறீர்கள் என்று கேட்டார்கள்.